பெற்றோல் மூடியும் நம் உரைநடையும்

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் இலக்கணம் கற்பித்து வரும் ஒருவன், மோட்டார் வண்டி ஒன்றின் பெற்றோல் மூடியைத் திறக்க மாட்டாமல் பலர் காண விழித்து நின்றான் என்றால் நகைக்கத் தோன்றும். நின்றவன் யானே. அன்பர்கள் நகைத்து முடித்தபின் மேலே படிப்பார்களாக.

2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியதல்லவா? அதன்பின் என் மருமகன் யப்பானில் ஓடிய கார் ஒன்றை வாங்கினான். சென்ற மாதம் இருவரும் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில் எரிபொருள் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, "மாமா, பெற்றோல் அடிப்பியுங்கோ, நான் மாலை வாங்கிக்கொண்டு ஓடி வாறன்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

பெற்றோல் அடிக்கும் பையன் வந்து, "ஐயா, மூடியைத் திறந்து விடுங்கோ" என்றான். இறங்கிப் பார்த்தேன். வண்டியின் பக்கத்தில் ஒரு சிறு தகடு இருந்தது. கைப்பிடி இல்லை, திறப்பு நுழையும் துளையும் இல்லை. நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. "உள்ளுக்குள்ள இழுக்கிறது ஒண்டு இருக்கும்" என்றான் பையன். சாரதியின் ஆசனத்துக்கு வலப்புறம், தரையை ஒட்டி, இரண்டு சிறு நெம்புகள் இருந்தன. ஒன்றை இழுத்தேன், டிக்கி திறந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. பதறிப்போய்க் கையேட்டை எடுத்து விரித்தேன். தடித்த அந்நூல் முழுவதும் யப்பானிய எழுத்து. படத்தையாவது கண்டுபிடிப்போம் என்று தாளைப் புரட்டிக்கொண்டிருக்கையில், பையன் குனிந்து மற்ற நெம்பை இழுத்துவிட்டான்.

அது நிற்க. யப்பானியர் தம் நாட்டவர்க்குத் தம் மொழியில் எழுதியதில் குறை காண்பதற்கில்லை. என் மனத்தை உறுத்தியது வேறொன்று. அக்கையேட்டை யாரேனும் தமிழில் ஆக்கித் தந்திருப்பின் யான் மூடியைத் திறந்திருப்பேனா? மொழிபெயர்ப்புக் கையேடுகளைப் புரட்டியோர்க்கு என் ஐயம் விளங்கும். 'எரிபொருள் நிரப்பிக் கதவு விடுவிப்பு நெம்பு இயக்கப்படுதல் வேண்டும்' என்பது போன்ற ஒரு வாக்கியந்தான் அங்கே இருந்திருக்கும். சொல் ஒவ்வொன்றும் தமிழ், வாக்கியமோ தமிழன்று. நெம்பு எங்கே இருக்கிறது, எக்கையால் இழுப்பது, மேலேயா பின்னேயா என்பனவற்றுள் ஒன்றும் அதில் இல்லை. மயங்கவைத்தலை நன்னூலார் நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தது வீணன்று.

இதனைச் சோதித்துப் பார்க்க எண்ணி, மருமகனின் காரைக் கல்லூரிக்கே வருவித்தேன். உயர்தர வகுப்பு மாணவர்க்கு மூடியை ஒருமுறை திறந்து காட்டி, வகுப்பறைக்கு மீண்டதும், அதனைத் திறந்து மூடும் முறையை எழுதுமாறு பணித்தேன். நிலவைப் பற்றி நான்கு பக்கம் எழுதவல்ல பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விஞ்ஞானத்தின் வளர்ச்சியிலிருந்து தொடங்கினான். மற்றொருவன், 'மூடியானது கவனமாகத் திறக்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கடமையை முடித்துக்கொண்டான். குற்றம் அவர்களுடையதன்று. நாம் அவர்களுக்குக் கற்பித்த கட்டுரை அதுதான்.

ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய மாணவி ஒருத்தி மட்டும் இவ்வாறு எழுதியிருந்தாள்:

'முதலில் எஞ்சினை நிறுத்து. பெற்றோல் அளவு காட்டும் இடத்தில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அது எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கத்தில் மூடி இருக்கும். சாரதியின் இருக்கையில் இருந்தபடியே வலக்கையைக் கதவோரமாகக் கீழே விடு. பெற்றோல் படம் போட்ட நெம்பை மேலே இழு. வெளிமூடி சற்று விலகும். போய் விரலால் திற. உள்மூடியை மணிக்கூட்டு முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சிறிது திருப்பி நிறுத்து. உஸ் என்ற சத்தம் அடங்கியபின் கழற்று. மூடும்போது முள் சுற்றும் பக்கமாக, டக் டக் என்று கேட்கும்வரை திருப்பு.'

இதனினும் செவ்விய உரைநடையை அண்மையில் யான் படித்ததில்லை. ஏவல் வினை நம் மொழியில் எத்துணைச் சிறியது, எத்துணைத் தெளிவானது என்பதை அவள் அறியாமலே காட்டிவிட்டாள். 'கதவு' என்ற சொல்லைத் தேடிப் போகாமல், வெளிமூடி, உள்மூடி என்று பகுத்ததும் நன்று. விஞ்ஞானப் பாடநூல்களில் இடஞ்சுழி என்ற அழகிய சொல் உண்டு. ஆனால் பின்னால் வண்டிகள் இரைந்துகொண்டு நிற்கையில், மணிக்கூட்டு முள்ளே மனக்கண்ணில் விரைந்து தோன்றும். 'டக் டக்' பேச்சுவழக்கு ஆயிற்றே என்றார் உடன் கற்பிக்கும் நண்பர். இரட்டைக்கிளவி நம் இலக்கணத்தில் இல்லாததா? அன்றியும் அவ்வொலியில் ஒரு பொருள் உண்டு. அளவுக்கு மிஞ்சி இறுகாதபடி அமைக்கப்பட்ட மூடி, போதும் என்று தானே சொல்லும் சொல் அது. அதைக் கேளாமல் விட்டால் ஆவி கசியும். புதிய வண்டிகள் சிலவற்றில் எச்சரிக்கை விளக்கும் எரியும். 'உஸ்' என்பதும் அத்தகையதே. வெயிலிற் சூடேறிய தாங்கியினுள் பெற்றோல் ஆவி அழுத்தத்தோடு நிற்கும். மூடியைச் சடுதியாகக் கழற்றினால் எரிபொருள் சீறித் தெறிக்கவுங்கூடும். ஆகவே அவ்விரண்டு ஒலிகளையும் யான் திருத்தவில்லை. திறக்குமுன் வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிற் சேர்ந்த நிலைமின்னைப் போக்கிக்கொள்ளும்படி அவள் சொல்லாததற்கு மட்டும், குன்றக்கூறல் என்று ஓரத்தில் எழுதினேன். ஒரு பொறி போதுமல்லவா?

அவள் குறித்த முக்கோணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986இல் அமெரிக்காவில், ஃபோர்ட் நிறுவனப் பொறியியலாளர் ஜிம் மொய்லன் என்பவர், நிறுவனக் கார் ஒன்றுக்கு எரிபொருள் நிரப்பப் போனார். மூடி மறுபக்கத்தில் இருந்தது. மழையில் நனைந்து மீண்டவர், மூடி இருக்கும் பக்கத்தை அளவுமானியின் அருகே ஒரு குறியாற் காட்டலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். 1989ஆம் ஆண்டு வண்டிகளில் அக்குறி இடம்பெற்றது. இன்று உலகெங்கும் காணப்படுகிறது. அவருடைய அறிக்கையைப் பயனுள்ள உரைநடை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நனைந்தவன் இனி நனையப்போகிறவனை நினைந்து எழுதியது அது.

இவ்வகை எழுத்து நம் மொழிக்குப் புதிதுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். எலும்பும் நரம்பும் எங்கே இருக்கின்றன என்று சொல்லப் போதிய மொழி, ஒரு நெம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லப் போதாதா? போதும். நாமே அதனைத் தாழ்ந்த வேலையென ஒதுக்கினோம். கட்டுரை என்றால் முன்னுரை, மேற்கோள், முடிவுரை என்றும், செயன்முறை எழுதுதல் கைவினைஞர் வேலை என்றும் வகுத்துவிட்டோம். மருந்துப் புட்டியின் தாளையும் வங்கிப் படிவத்தையும் நம் தாய்மார் விளங்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அதில் நமக்கும் பங்குண்டு.

ஆதலால் தமிழாசிரியர்க்கு என் விண்ணப்பம்: தவணைக்கு ஒரு முறையேனும் இத்தகைய பயிற்சி ஒன்றை வகுப்பில் வையுங்கள். எழுதிய தாளை இலக்கணப் பிழைக்கு மட்டும் பார்க்காதீர்கள். அப்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லுங்கள். அவர் கை எங்கே தடுமாறுகிறதோ, அவ்விடத்திற் சிவப்பு மையால் கோடிடுங்கள். எம் கல்லூரியில் தடுமாறும் வேலைக்கு யான் இருக்கின்றேன்.