உன்னிச்சை நீரும் பேர்மிங்ஹாம் குழாயும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பேர்மிங்ஹாமின் புறநகரொன்றில் வாழும் பழைய நண்பரை உன்னிச்சைக் குளத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். குளக்கட்டில் நின்று ஆசைதீரப் படம் பிடித்தார். திரும்பும் வழியில், குடங்களோடு தண்ணீர்ப் பவுசருக்காகக் காத்திருந்த பெண்களைக் கண்டார். "எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர், நடந்துபோனால் பூங்கா, நூலகம், பாடசாலை. இந்தச் சனத்திற்கு இன்னும் வாழத் தெரியவில்லை" என்றார்.

அன்று மறுமொழி சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

நண்பர் பெருமைப்படும் புறநகர், அங்குள்ளவர்களுக்கு வாழத் தெரிந்ததால் மட்டும் வளர்ந்ததல்ல. 1892இல் பேர்மிங்ஹாம் மாநகராட்சி நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தைப் பெற்றது. அதன் பலத்தில் வேல்ஸ் நாட்டின் எலான் பள்ளத்தாக்கில் அணைகள் எழுந்தன. அங்கு வாழ்ந்த சுமார் நூறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். நட்டஈடு நிலவுடைமையாளர்களுக்குக் கிடைத்தது. குத்தகைக் குடியானவர்கள் வெறுங்கையோடு போனார்கள். 1904இல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் திறந்துவைக்க, 73 மைல் தூரம் புவியீர்ப்பிலேயே ஓடி நீர் நகரை அடைந்தது. 1911இல் ஹான்ட்ஸ்வேர்த், யார்ட்லி, எர்டிங்டன் போன்ற அயலூர்களை நகரம் தன்னோடு இணைத்துக்கொண்டு பரந்தது. நண்பரின் குளியலறைக் குழாயைத் திறந்தால் வருவது வேல்ஸ்காரனின் பள்ளத்தாக்கு.

உன்னிச்சையின் கதையும் இதுதான். மட்டக்களப்பு நகரம் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணற்பரப்பு. அதன் கிணறுகள் எளிதில் உவர்த்துவிடும். 2004 சுனாமி அந்தத் துயரைப் பெருக்கியது. ஆகவே ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியோடு, உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு எழுவான்கரைக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் தவறேதும் இல்லை. நானும் அந்தக் குழாய்நீரைக் குடிப்பவன்தான்.

தவறு வரிசையில் இருக்கிறது. நீர் நகரத்துக்கு வந்த பின்னரும், குளத்தை அண்டியிருந்த படுவான்கரைக் கிராமங்கள் குடிநீருக்காக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தன. போரில் பலமுறை இடம்பெயர்ந்து, 2007க்குப் பின்னர் மீண்டு, யானைக்குக் காவலிருந்து வயல் செய்பவர்கள் அவர்கள். குளத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பவுசரை எதிர்பார்த்திருந்தவர்களைப் பார்த்து "வாழத் தெரியவில்லை" என்பது அறியாமை மட்டுமல்ல, நன்றிகேடு.

"நகரத்தில் சனத்தொகை அதிகம், அதனால் முதலில் நகரம்" என்று அதிகாரிகள் கணக்குச் சொல்லக்கூடும். இந்தக் கணக்கின்படி கிராமத்தின் முறை ஒருநாளும் வராது. நகரம் எப்போதும் பெரிதாகவே இருக்கும். குழாயும் வெளிச்சமும் வீதியும் கிடைத்த இடத்தில்தான் மேலும் சனம் சேரும். அந்தச் சனத்தைக் காட்டியே அடுத்த திட்டமும் அங்கேயே போகும். புறநகரங்கள் வளர்வது இப்படித்தான். படுவான்கரை தேய்வதும் இப்படித்தான்.

எனவே நான் கேட்பது ஒன்றே. எந்த ஊரின் குளத்திலிருந்து நீர் எடுக்கிறோமோ, அந்த ஊரின் கடைசி வீட்டுக்கும் குழாய் போன பிறகே அடுத்த ஊருக்குப் போகவேண்டும். இனிவரும் ஒவ்வொரு நீர்த்திட்டத்திலும் இதை முதல் நிபந்தனையாக எழுதிவையுங்கள்.

லிவர்பூல் நகருக்கு நீர் தேக்குவதற்காக, வேல்ஸில் கேப்பல் கெலின் என்ற சிற்றூரை 1965இல் மூழ்கடித்தார்கள். அதற்காக லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கேட்டது 2005இல். நாற்பது ஆண்டுகள் கழித்து உன்னிச்சையிடம் மன்னிப்புக் கேட்கும் அவமானம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நண்பரே, அடுத்தமுறை வரும்போது குளத்தைப் படம் பிடியுங்கள். அப்படியே அந்தப் பெண்களின் முற்றத்தில் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் என்னிடம் சொல்லவேண்டாம். குழாய்க்கு ஆணையிடும் அதிகாரம் உள்ளவர்களுக்கு எழுதுங்கள்.