நுண்குழலுக்குத் தமிழில் சொல் இல்லையா?

வேதாசலம் என்னும் வடமொழிப் பெயரைக் களைந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளாரின் பெயர்தாங்கி நிற்கின்றது மறைமலை நகர். அந்நகரில் ஒருவர் மூளைத்தாக்குற்று வீழ்ந்தார் என்று கொள்வோம். மருத்துவமனையில் ஒப்புதல் தாள் நீட்டப்படும். 'கத்தீட்டர்' செலுத்தப்படும் என்பர். அஃது யாதென்றறியாமலேயே மனைவியோ மகனோ கையெழுத்திட வேண்டும்.

அஃது ஒரு மெல்லிய குழல், அவ்வளவே. தொடையடியிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடியில் துளையிட்டு, பெருநாடி வழியே கழுத்துக்கு ஏற்றுவர். அங்கே நாடி இரண்டாகக் கிளைக்கின்றது. வெளிக்கிளை முகத்திற்கு, உட்கிளை மூளைக்கு. அவ்வுட்கிளை மண்டையோட்டின் அடியில் பாம்பென வளைந்து செல்லும். குழல் சமைப்போரின் திறமெல்லாம் அவ்வளைவைக் கடப்பதில்தான். தள்ளும் முனை விறைப்பாக இல்லையேல் குழல் முன்னேறாது. நுனி மென்மையாக இல்லையேல் நாடிச்சுவர் கிழியும். ஆகவே ஒரே குழலை அடிமுதல் நுனிவரை படிப்படியாகக் குழைவுறச் செய்கின்றனர். குழல் மடிந்து அடைபடாதிருக்கச் சுவரினுள் நுண்ணிய மாழைக்கம்பிப் பின்னல் அல்லது சுருள்; உள்ளே வழுக்கும் நெகிழி; வெளியே நீர்பட்டால் வழுக்கும் பூச்சு; நுனியில் ஊடுகதிர்ப் படத்தில் தெரியும் குறி. நுண்குழலின் நுனிப்பகுதி ஒரு மில்லிமீட்டர் பருமனும் இராது. போர்த்துகல் நாட்டு மோனிசு 1927-இல் மூளை நாடிகளை ஊடுகதிரில் படமாக்கினார். குழல்வழிக் குருதிக்கட்டியை அகற்றுதலின் பயனை 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின.

இவ்வளவையும் தமிழிற் சொல்ல முடிகின்றதே! 'கத்தீட்டர்' ஆங்கிலச் சொல்லுமன்று. கீழே செலுத்துதல் என்னும் பொருள்தரும் கிரேக்க வேரினது. கிரேக்கன் செயலைக் கண்டு பெயரிட்டான். குழலின் பருமனை அளக்கும் அளவைக்கோ, பாரிசுக் கருவியாளர் ஒருவர் வகுத்தமையால், 'பிரெஞ்சு' என்றே பெயர். அவ்வளவு ஒன்று மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. செருகும் குழலைச் செருகுகுழல் என்றும், நுண்ணியதை நுண்குழல் என்றும் சொல்லத் தமிழனுக்கு மட்டும் நா ஏன் கூசுகின்றது?

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களும் பெயர்த்தார். அவர்தம் கலைச்சொற்களில் வடமொழி மிகுதி, அது குறையே. ஆயினும் அயலவர்க்கு இருந்த துணிவு இங்குப் பிறந்தார்க்கு இல்லை. ஈழத்துப் பாடநூல்கள் 'நாடி' என வழங்க, இங்குள்ளவையோ 'தமனி' என்னும் வடசொல்லை விடாது பற்றியுள்ளன.

உயிர் போகும் வேளையில் சொல்லாராய்ச்சியா என்பர் சிலர். அவ்வேளைக்காகத்தான் கேட்கிறோம். நாடி அடைபட்டபின் ஒவ்வொரு நிமையத்திலும் ஏறத்தாழ 19 இலக்கம் நரம்பணுக்கள் மாய்வதாக 2006-இல் கணித்துள்ளனர். விளங்காச் சொல்லைக் கேட்டு மலைத்து, உறவினரைத் தேடி ஓடி, ஒப்புதலைத் தாழ்த்தும் ஒவ்வொரு நொடியும் அக்கணக்கில் சேரும். மருத்துவர் தமக்குள் எம்மொழியிலும் பேசிக்கொள்ளட்டும். ஒப்புதல் தாள் தமிழில் இருத்தல் வேண்டும். எழுத்து மட்டுமன்று, சொல்லும்.