நின்னுடுச்சா? நிக்கலை பாஸ்!

"சமநிலைக்கு வந்தா ரியாக்‌ஷன் என்னய்யா ஆகும்?" வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார். "நின்னுடும் சார்!" என்றேன் கம்பீரமாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்திலேயே என் மார்க் தெரிந்துவிட்டது.

அன்னிக்கு நம்ம கேன்டீன் ஞாபகம் வந்திருந்தா தப்பிச்சிருப்பேன். மதிய பிரேக். உள்ளே 60 பேர், வாசல்ல 20 பேர். நிமிஷத்துக்கு 5 பேர் உள்ளே போறாங்க, 5 பேர் வெளியே வர்றாங்க. எண்ணிக்கை அப்படியே இருக்கு. ஆனா முகங்கள் மாறிக்கிட்டே இருக்கு. மீள்வினையில் சமநிலை என்பது இதுதான். முன்னோக்கு வினையும் நிற்பதில்லை, பின்னோக்கு வினையும் நிற்பதில்லை. இரண்டின் வேகமும் சமமாகிவிடுகிறது. கவனிங்க, சமமானது வேகம்தான், அளவு இல்லை. 60 வேற, 20 வேற!

"இதுக்கு ஏன் இவ்ளோ பில்டப்?" என்கிறீர்களா? சோத்து மேட்டர் பாஸ். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் நெல்லுக்கு அதை நேரடியாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கினால்தான் யூரியா கிடைக்கும். சிக்கல் என்னன்னா, இது மீள்வினை. உருவான அம்மோனியா திரும்ப உடையும். வெப்பத்தைக் குறைச்சா அம்மோனியா நிறைய கிடைக்கும், ஆனா வினை ஆமை வேகம். வெப்பத்தை ஏத்தினா வேகம் வரும், அம்மோனியா குறையும்.

சமநிலைத் தத்துவத்தை 1884ல் சொன்ன லீ சாட்லியரே 1901ல் இதை முயன்று, கருவி வெடித்ததும் கைவிட்டார். 1909ல் ஃப்ரிட்ஸ் ஹேபர் ஜெயித்தார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது.

எப்படி? முதலில், அழுத்தம் சுமார் 200 அட்மாஸ்பியர். 4 மூலக்கூறு 2 ஆகும் வினை இது. நெருக்கினால் 2 இருக்கும் பக்கம் சாயும். அடுத்து, இரும்பு வினையூக்கி. இது கேன்டீன் கதவை அகலமாக்குற மாதிரி. போறதும் வேகம், வர்றதும் வேகம். 60-20 கணக்கு மட்டும் மாறாது. சமநிலை சீக்கிரம் வரும், அவ்வளவுதான்! கடைசியாக, உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக்கி எடுத்துவிடுவார்கள். சாப்பிட்டவங்களைப் பின்வாசல் வழியா அனுப்பிட்டா, வாசல்ல நிக்கிறவங்க உள்ளே போய்க்கிட்டே இருப்பாங்க இல்லையா? ஒரு சுற்றில் சுமார் 15 சதவீத வாயுதான் அம்மோனியாவாகும். மிச்சத்தை மறுபடி உள்ளே விடுவார்கள்.

சமநிலையில் வினை நிஜமாகவே நின்றிருந்தால், அம்மோனியாவை எடுத்ததும் கதை முடிந்திருக்கும். ரெண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அதை நம் பக்கம் நகர்த்த முடிகிறது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த வினையை நம்பித்தான் இருக்கிறது.

அதனால மக்களே, வைவாவில் "நின்னுடும்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த மார்க்கை நான் ஏற்கெனவே வாங்கியாச்சு!