பேரேடும் அதன் பிரதியும்

ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிற கை, இப்போதெல்லாம் கடைக் கணினிக்கும் ஒரு பொட்டு வைக்கத் தவறுவதில்லை. அது உசிதமான காரியமே. முன்பு சிட்டையும் பேரேடுமாக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த வியாபாரத்தின் உயிர்நாடி முழுவதும் இன்று அந்தச் சாதனத்துக்குள்தான் குடியிருக்கிறது. ஆனால், பேரேட்டை எலி அரிக்காமலும் மழைச்சாரல் படாமலும் காத்த நம் பெரியவர்களின் சிரத்தையில் பாதியேனும் கணினிக் கணக்குக்கு நாம் காட்டுகிறோமா என்ற கேள்வி, சென்ற ஐப்பசியிலிருந்து என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சிமெண்டும் கம்பியும் பெயிண்டும் விற்கும் என் நண்பர் ஒருவரின் கடையில் ஒரு திங்கட்கிழமை காலை நான் உட்கார்ந்திருந்தபோது, கணக்கு எழுதும் பையன் முகம் வெளிறி எழுந்து வந்தான். "அண்ணாச்சி, டேலி திறக்க மாட்டேங்குது. ஃபைல் பேரெல்லாம் மாறிக் கிடக்கு" என்றான். திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: கோப்புகள் பூட்டப்பட்டன, பணம் அனுப்பினால் சாவி தரப்படும் என்று. ரான்சம்வேர் என்னும் கொள்ளை இதுதான். நண்பர் கலங்கவில்லை. "பதறாதலே, பென் டிரைவ்ல தினமும் பேக்கப் எடுக்கோம்லா" என்றார். அந்தப் பென் டிரைவ் கணினியின் பின்புறம், தூசி படிந்து, செருகியபடியே இருந்தது. எடுத்தது எடுத்தபடி, ஒரு நாளும் கழற்றப்படாமல் இருந்ததனால், கணினிக்கு நேர்ந்த கதியே அதிலிருந்த பிரதிக்கும் நேர்ந்துவிட்டது.

மார்ச் முடிவுக் கணக்குக்காக ஆடிட்டர் வாங்கி வைத்திருந்த பிரதி ஒன்றே மிஞ்சியது. அதன் பிறகு வந்த ஏழு மாதக் கணக்கில், கொள்முதலை ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையிலிருந்தும், விற்பனையைத் தாக்கல் செய்திருந்த ஜிஎஸ்டிஆர்-1 விவரங்களிலிருந்தும் பில் நகல்களிலிருந்தும், வங்கி வரவு செலவை ஸ்டேட்மெண்டிலிருந்தும் இரவு பகலாக உட்கார்ந்து திரட்டிவிட்டார்கள். திரட்ட முடியாமற் போனது ஒன்று உண்டு. அது கடன் பாக்கி. மேஸ்திரிமாரும் வீடு கட்டும் விவசாயிகளும் கையில் கிடைத்தபோதெல்லாம் ஐயாயிரம், பத்தாயிரம் என்று ரொக்கமாகக் கொடுத்துக் கழித்துவந்த தொகைகள் எந்த அரசாங்கத் தளத்திலும் இல்லை. கடைக் கணக்கில் மட்டுமே இருந்தன. பெரும்பாலோர் நேர்மையாகவே சொன்னார்கள். ஆயினும், தமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று வாங்கினவரையே கேட்டு அறியவேண்டிய நிலைமை, தந்தை காலத்திலிருந்து கணக்குச் சுத்தத்துக்குப் பேர்போன அந்த மனிதரை எவ்வளவு வாட்டியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

விபத்து புகுந்த வழி மிகச் சாதாரணமானது. வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பதற்காகக் கணினிக்கு வெளியிலிருந்து ஒரு வழியைத் திறந்து வைத்து, கடைப் பெயரோடு 123 சேர்த்து அதற்குப் பாஸ்வேர்டு இட்டிருந்தார்கள். 2017 மே மாதம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கலக்கிய வானாக்ரை என்னும் ரான்சம்வேர் கூட, மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்த திருத்தத்தை ஏற்றாமல் விட்டிருந்த கணினிகளுக்குள்தான் புகுந்தது. அப்டேட் கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளுவது நல்ல பழக்கமன்று.

என் அபிப்பிராயத்தில், சிறு வியாபாரி முதலில் செலவிட வேண்டியது புதுக் கணினிக்கோ புது மென்பொருளுக்கோ அன்று. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்குகளுக்கு. ஒன்று கடையில் இருக்கும்போது மற்றொன்று வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், வாரந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள், பிரதி எடுத்த மறுகணமே கழற்றிவிடுங்கள். கணினிக்குள்ளேயே டி டிரைவில் எடுத்து வைப்பதைப் பிரதியென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரு பகுதிகள், பழுதானால் சேர்ந்தே போகும். கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஏற்றுவது நன்றே. ஆனால் தானாக ஒத்திசையும்படி விட்டிருந்தால் கெட்டுப்போன கோப்பும் தானாகவே அங்கே ஏறிவிடும் என்பதால், முந்தைய பதிப்புகளைத் திரும்பப் பெறும் வழியைக் கற்றுவைத்துக்கொள்வது அவசியம். ஆண்டறிக்கை தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைக் காப்பாற்றவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமும் விதிக்கிறது. ஆகவே ஆண்டு முடிவுப் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைப்பது உத்தமம்.

இவையெல்லாம் செய்தும், அந்தப் பிரதி திறக்குமா என்று பார்க்காதவர்களே அநேகர். இந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக் கணினியில் அன்றி வேறொரு கணினியில் அதை ரெஸ்டோர் செய்து பாருங்கள். உங்களிடம் கடன் வைத்திருக்கும் யாரேனும் ஒருவர் பெயரைத் தேடி, நேற்று மாலை வரை அவர் கொடுத்த தொகை அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.