வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மக்கள் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். டெல்லி, ஆக்ரா, ஹைதராபாத், மைசூர் என்று ரயிலிலும் வேனிலும் போகிறார்கள். தாஜ்மஹால் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போகட்டும், அதைக் குற்றம் சொல்லவில்லை. முன் சென்ற சமுதாயங்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைப் பயணம் போய் நேரில் பார்க்கச் சொல்லித் திருக்குர்ஆனே பல இடங்களில் ஏவுகிறது. ஆனால் காவேரிப்பாக்கத்தில் பஸ் ஏறினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற வேலூர்க் கோட்டையை நம்மில் எத்தனை பேர் விஷயம் தெரிந்து பார்த்திருக்கிறோம்? அகழியை எட்டிப் பார்த்து, மதிலில் நாலு சுற்றுச் சுற்றி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அது பிக்னிக். வேலூரில் ஏழாண்டு ஓதி ஸனது வாங்கிய ஆலிம்களிடம் கேட்டாலும் பலருக்கு இதே கதைதான்.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். காவேரிப்பாக்கம் என்றால் பல்லவர் காலத்துப் பெரிய ஏரிதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதே ஊரில் 1752 பிப்ரவரியில் சந்தா சாஹிபின் மகன் ரஜா சாஹிபும் ராபர்ட் கிளைவும் மோதினார்கள். ரஜா சாஹிபுக்குத் துணை வந்த பிரெஞ்சுக்காரர்கள் மாந்தோப்புக்குள் பீரங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். கிளைவ் இருட்டில் ஆள் அனுப்பித் தோப்பின் பின்புறமாகத் தாக்கி வென்றான். நவாப் பதவிக்கு முஹம்மதலி ஒரு பக்கம், சந்தா சாஹிப் ஒரு பக்கம். ஒருவருக்கு ஆங்கிலேயன் துணை, மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரன் துணை! கடைசியில் கர்நாடகம் யார் கைக்குப் போனது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆற்காட்டில் நவாபுகளின் கோட்டையும் போய், இன்று பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் நிற்கிறது.

இனி வேலூருக்கு வருவோம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் வெள்ளையர்கள் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தார்கள். கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று இன்றும் பெயர் சொல்லும் கட்டிடங்கள் இருக்கின்றன. 1805 நவம்பரில் சென்னைப் படையில் ஒரு புதிய உத்தரவு வந்தது. நெற்றியில் மதச் சின்னம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தோலில் செய்த குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். அது எந்த மிருகத்தின் தோல் என்று ஹிந்து சிப்பாயும் சந்தேகப்பட்டான், முஸ்லிம் சிப்பாயும் சந்தேகப்பட்டான். தோல் தொழிலில் இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடிச் சகோதரர்களுக்கு அந்தச் சந்தேகத்தை விளக்க வேண்டியதில்லை.

1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டை வெடித்தது. ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் ஹுசைன், ஷேக் காசிம் முதலானோர் முன்னின்றார்கள். ஹிந்து சிப்பாய்களும் தோளோடு தோள் நின்றார்கள். திப்புவின் புலிக்கொடி ஏறியது. மூத்த மகன் ஃபத்தேஹ் ஹைதரை மன்னர் என்று அறிவித்தார்கள். எல்லாம் சில மணி நேரம்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சேர்ந்தான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், இந்தத் திட்டத்தை முன்கூட்டியே வெள்ளையனிடம் சொன்னவரும் நம் பெயர் கொண்டவர்தான், முஸ்தபா பேக். அன்று அவரைப் பைத்தியம் என்று விலக்கியவர்கள், பின்னர் பரிசு கொடுத்தார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மீரட்டில் 1857இல் எழுந்த கிளர்ச்சிக்கு ஐம்பத்தொரு ஆண்டுகள் முந்தியது இது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போவதில் என்ன பயன்?

கோட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் அடங்கியிருக்கிறார்கள். அங்கும் போய் வாருங்கள். மரணத்தை நினைக்கவும் துஆ செய்யவும்தான் கப்ருக்குப் போவது. சந்தனம் பூச அல்ல என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் புகழ்கின்றன. கோவிலில் நெடுங்காலம் மூலவரும் இல்லை, வழிபாடும் இல்லை. 1981இல் லிங்கம் திரும்ப வைக்கப்பட்டு, அன்று முதல் பூஜை நடக்கிறது. தேவாலயத்திலும் ஆராதனை நடக்கிறது. இரண்டையும் நாம் ஆட்சேபிக்கவில்லை, நடக்கட்டும் என்றே சொல்கிறோம். பள்ளிவாசலில் மட்டும் தொழுகைக்கு அனுமதி இல்லை! கேட்டால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்கிறார்கள். கோவிலும் அதே துறையின் பாதுகாப்பில்தானே இருக்கிறது? 1958ஆம் ஆண்டு நினைவுச் சின்னங்கள் சட்டத்தின் 16ஆவது பிரிவு, பாதுகாக்கப்படும் வழிபாட்டுத் தலத்தை அதன் தன்மைக்கு மாறான காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தொழுகை பள்ளிவாசலின் தன்மைக்கு மாறானதா? ஒரு மதிலுக்குள் இரண்டு நீதி எப்படி வந்தது? மத்திய அரசின் துறை இது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஜூலை 10 அன்று ஒரு பஸ் ஏற்பாடு செய்யட்டும். விடுமுறை நாள் இல்லையென்றால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம். பக்கத்துத் தெரு ஹிந்துப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 10 அவர்களுக்கும் சொந்தம். ஆற்காட்டில் இறங்கி டெல்லி கேட்டைக் காட்டிவிட்டு வேலூர் போங்கள். மதில் கல்லில் பெயர் கீறும் பழக்கத்தைப் பையன்களிடம் முன்கூட்டியே கண்டித்துவிடுங்கள். லுஹருக்குக் கோட்டைக்குள் இடம் கிடைக்காது. வெளியே ஊர்ப் பள்ளியில்தான் தொழ வேண்டியிருக்கும் என்பதை வைத்து நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.