வலித்தால் சொல்லுங்கள்



வீட்டில் யாருக்கு வலி வந்தாலும் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு உட்காருவது யார்? மாமியாருக்கு முட்டி, கணவருக்கு முதுகு, டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்குக் கழுத்து என்று எல்லாருக்கும் நீவிவிடுவது நாம்தான். ஆனால், ‘உங்களுக்கும் தோள்பட்டை பிடித்திருக்கிறதே, ஒரு மசாஜ் எடுத்துக்கொள்ளுங்களேன்’ என்று யாராவது சொன்னால், ‘அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா’ என்று நழுவிவிடுகிறோம்.

செலவு ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். இவற்றைவிடப் பெரியது, ‘உள்ளே போனால் என்ன நடக்குமோ’ என்ற பயம். ஸ்பா என்றாலே ரெய்டு செய்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. பயப்படுவதில் தப்பில்லை. ஆனால், என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பயம் போய்விடும். நமக்குப் பழக்கமான எண்ணெய்த் தேய்ப்பையே, அதாவது ஆயுர்வேத அப்யங்கத்தையே எடுத்துக்கொள்வோம்.

நல்ல வைத்தியசாலையில் போனவுடன் உங்களைப் படுக்க வைக்க மாட்டார்கள். முதலில் வைத்தியர் உட்கார வைத்துக் கேட்பார். பிரஷர், சுகர் உண்டா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா, மாதவிலக்கு நாளா? எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு மெலிந்திருப்பதாக டாக்டர் சொன்ன வயதானவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காய்ச்சல், தோலில் புண், சமீபத்தில் எலும்பு முறிவு என்றால் தள்ளிப்போடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலிக்கவும் செய்தால் அங்கே யாரையும் கை வைக்க விடாதீர்கள். வீட்டில்கூட எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே டாக்டரிடம் போங்கள்.

சரி, எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்விக்கு வருவோம். உடையைக் கழற்ற வேண்டுமா?

அப்யங்கத்துக்குப் பெரும்பாலும் ஆம். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு துணியோ, ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் உள்ளாடையோ தருவார்கள். நீங்கள் மாற்றும்போது வெளியே போய்விடுவார்கள். மேலே டவல் போர்த்தி, தேய்க்கும் பகுதியை மட்டும் விலக்கச் சொல்லிக் கேட்கலாம். பெண்களுக்குப் பெண்தான் தேய்க்க வேண்டும் என்பது நல்ல வைத்தியசாலைகளின் வழக்கம். எவ்வளவு கழற்றுவது என்பது உங்கள் முடிவு. மனம் ஒப்பவில்லையா? தலை, கழுத்து, தோள், பாதம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். தாய்லாந்து மசாஜில் தொளதொள உடையோடு பாயில் படுத்தாலே போதும், எண்ணெயும் இருக்காது. 2019-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கலை அது.

அப்யங்கம் தலையில் ஆரம்பிக்கும். வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய தைலத்தை உச்சியில் வைத்து, விரல் நுனியால் மயிர்க்கால் வரை தேய்ப்பார்கள். பிறகு காது மடல், பின்கழுத்து, தோள். அப்புறம் திரோணி எனும் மரப்படுக்கையில் படுக்கச் சொல்வார்கள். கை கால்களில் நீளவாக்கில் நீவுவார்கள். முட்டி, மணிக்கட்டு போன்ற மூட்டு வரும்போது கை வட்டமாகச் சுற்றும். சில இடங்களில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். எந்தத் தைலம், தன்வந்தரமா, மகாநாராயணமா, க்ஷீரபலாவா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் தூங்கிவிடுபவர்கள் உண்டு, குறட்டை விடுபவர்கள் உண்டு, காரணமே தெரியாமல் அழுதுவிடுபவர்களும் உண்டு. தேய்ப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம். சங்கடப்படாதீர்கள்.

நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இனிமேல்தான். ‘நல்லா வலிச்சாத்தான் நல்லா வேலை செய்யுது’ என்று நமக்கு ஒரு நம்பிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்போம். பொறுத்துப்போயே பழகிவிட்டோம் இல்லையா? காசு கொடுத்துப் படுத்திருக்கும் இடத்திலும் அதையே செய்கிறோம். இதமான வலி வேறு. மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், விரல்கள் மடங்குகின்றன என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ‘கொஞ்சம் மெதுவா’ என்று சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே நடுநடுவே கேட்பார். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் சம்மதிக்காதீர்கள். சலூனுக்குப் போகும் வீட்டு ஆண்களுக்கும் சொல்லி வையுங்கள். அந்த ஒரு சொடக்கில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

தேய்ப்பு முடிந்ததும் சடாரென்று எழுந்திருக்காதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றலாம், தரையிலும் எண்ணெய் இருக்கும். ஆவிக்குளியலோ வெந்நீர்க் குளியலோ முடித்து, பயத்தம் மாவு தேய்த்துக் குளித்து வந்தால், நீர் கோக்காமல் இருக்க உச்சியில் ராஸ்நாதி சூரணம் வைத்துத் தேய்ப்பது கேரள முறை. மறுநாள் லேசாக உடம்பு வலித்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். மரத்துப்போவது, கை கால் பலம் குறைவது என்றால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

‘உடம்பு நச்செல்லாம் வெளியேறும்’, ‘பத்து கிலோ குறையும்’, ‘டிஸ்க் தானாக உள்ளே போகும்’ என்று பேக்கேஜ் விற்பவர்களை நம்பாதீர்கள். கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. மசாஜ் கொடுப்பது இறுகிய தசைக்குத் தளர்வு, சில நாளைக்கு வலிக் குறைவு, நல்ல தூக்கம். நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு நல்ல தூக்கம் வாய்க்கிறது? அதற்காக மட்டுமே போனாலும் தகும் என்பேன்.

செலவு யோசிப்பவர்களுக்கு அரசு சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் எனும் மசாஜ் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதிலேயே 9 வகை உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையிலோ, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். டாக்டர் பார்த்துவிட்டுத்தான் எதையும் எழுதித் தருவார். அதுவே பெரிய பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் கேமராவையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பாவுக்குள் சிசிடிவி வைப்பது தனிமனித உரிமையில் தலையிடுவது என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அறைக்குள் கேமரா இருந்தாலோ, தேய்ப்பவர் கையில் போன் இருந்தாலோ கிளம்பிவிடுங்கள். தொடுதல் எல்லை மீறினால், பாதியிலேயே எழுந்து உடுத்திக்கொண்டு வெளியே வாருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. அதேபோல, நாள் முழுக்க நின்று, கட்டைவிரல் தேய உழைக்கும் தெரபிஸ்டுகளையும் வீட்டு மனிதர்களைப் போல மரியாதையாக நடத்துவோம்.

அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் ஒரு போன் போடுங்கள். வைத்தியர் பார்ப்பாரா, பெண்தான் தேய்ப்பாரா, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பதிலில் மழுப்பல் இருந்தால் வேறு இடம் தேடுங்கள். தெளிவாகச் சொன்னால் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஒன்று அவர்களுக்கு, இன்னொன்று உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்