எண்ணிப் பார்த்த மேய்ப்பர்

வன்னியில் இன்று தலைவர்களுக்குப் பஞ்சமுண்டோ இல்லையோ, தலைமைத்துவப் பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆலய மண்டபங்களில் இளைஞரைக் கூட்டி, நல்ல தலைவனுக்குரிய குணங்களை வரிசைப்படுத்திக் கூறி, முடிவிற் சான்றிதழும் வழங்குகின்றனர். அப்பட்டியலில் அன்பு இருக்கும், பணிவு இருக்கும். கணக்கு மட்டும் இருப்பதில்லை.

காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையைக் கிறித்தவர் அனைவரும் அறிவர். அவனது இரக்கத்தையே பிரசங்கிகள் விரித்துரைக்கின்றனர். ஆயின், நூறில் ஒன்று குறைந்ததென அவன் எவ்வாறறிந்தான்? எண்ணியதனாலன்றோ! மாலையிற் பட்டியடைக்கும் வன்னி விவசாயிக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக விளங்கிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை இவ்வாறு எண்ணியவர். வவுனியா அவரது மறைமாவட்டத்துக்குட்பட்டது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பிறர் மந்தையென அவர் ஒதுங்கவில்லை. 2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தற் கணக்கு. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியிலிருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐக்கிய நாடுகள் தந்த தொகையின்படி 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது என்ன?

குருவானவருக்குச் செபம் போதும், கணக்கு எதற்கு என்றனர் சிலர். நிவாரணத்துக்காக மிகைப்படுத்தப்பட்ட தொகை என்றனர் வேறு சிலர். அங்ஙனமாயின், மிகைப்படுத்தப்பட்டது எவ்வளவு எனக் காட்டுதல் அவர்தம் கடன். வினாவைப் பழித்தல் விடையாகாது.

எனினும், இழைக்கப்பட்ட தவறு ஒரு பக்கத்ததன்று. இத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என ஆண்டகை கூறினாரல்லர். என்னவாயினர் என்றே கேட்டார். அவ்வினாவை மரணத் தொகையாக்கி மேடைதோறும் முழங்குவோர், அவரைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு அவரது நேர்மையையே கைவிடுகின்றனர். தாம் அறிந்த எல்லையில் நாவை நிறுத்துவதற்கு, முழங்குவதிலும் பார்க்க மிகுந்த துணிவு வேண்டும். ஒழுக்கம் என்பது இதுவே; பயிற்சிப் பட்டறையில் இது கிடைப்பதில்லை.

2021 ஏப்பிரல் 1 இல் ஆண்டகை காலமானார். வினா காலமாகவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அதன்பின் விடை கிட்டாமலே மாண்ட பெற்றோர் பலர். ஆலயங்களோ ஆண்டகையின் படத்துக்கு மாலை சூட்டுகின்றன. மாலை மலிவானது.

பங்குகள் தோறும் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் உண்டு. போரில் அழிந்தவை போக எஞ்சியவற்றை எடுத்து, வீடு வீடாகச் சென்று, இருப்போர் யார், இறந்தோர் யார், எங்கே என்று அறியப்படாதோர் யார் எனப் பெயர் பெயராக எழுதுவதற்கு எந்த ஆணைக்குழுவின் அநுமதியும் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சைவரின் பெயரையும் அவ்வேட்டில் எழுதலாம். கச்சேரிக் கணக்கில் சமயம் பார்த்தா ஆண்டகை கழித்தார்? அது அரசின் வேலை என்போர், அரசு அதனைச் செய்து முடித்த ஊர் ஒன்றைக் காட்டட்டும்.